6 பேர் குடும்பம், 13 அடி தெரு: எந்த கேரவன் எடுக்கலாம்?

பிப்ரவரி 9, 2025 (குடியாத்தத்துலேந்து ஒரு தம்பி கேட்டது)

வீட்டுல 6 பேர். நான், வீட்டுக்காரம்மா, 2 பசங்க (9, 5), அப்பா, அம்மா. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. பட்ஜெட் 18 லட்சம், இழுத்துப் புடிச்சா 20. வருஷத்துக்கு 4 ட்ரிப் போவோம், திருப்பதி, ஏலகிரி, ஊட்டி, ஒரு தடவ ராமேஸ்வரம். 6 பேரும் படுக்கற மாதிரி கேரவன் வேணும், கிச்சன், ஏசி, டாய்லெட் எல்லாம் இருக்கணும். பழைய ட்ராவலர் வேன் வாங்கி பட்டறைல குடுத்து பண்ணலாமா, இல்ல ரெடியா விக்கறத வாங்கலாமா? வச்சிருக்கறவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 9, ராத்திரி 10.40

நான் வச்சிருக்கேன், காட்பாடி. 3 வருஷம் முன்னாடி இதே கேள்விய நானும் கேட்டேன், பதில் சொன்னவங்க எல்லாம் வண்டி பேரா சொன்னாங்க, நானும் வண்டி பேர் பாத்து வாங்கினேன், அதான் தப்பு. உன் லிஸ்ட்ல படுக்கை, கிச்சன், ஏசி, டாய்லெட்னு 4 இருக்கு. உன் பணத்துக்கு நாலும் ஒண்ணா வராது, அப்படியே பணம் இருந்தாலும் எடையும் இடமும் விடாது. நாலுல எது இல்லன்னா உங்க வீட்டுல சண்ட வரும்னு மொதல்ல கண்டுபுடி. எங்க வீட்டுல டாய்லெட். அம்மாவுக்கு சுகர், ராத்திரி 3 தடவையாவது எழுந்திருக்கணும். அது தெரிஞ்சும் நான் மொதல்ல டிவிக்கு இடம் தேடினவன்.

பிப்ரவரி 9, ராத்திரி 11.05

லைசன்ஸ் சொல்ல மறந்துட்டேன். ட்ராவலர்னா பேட்ஜ் போட்ட லைசன்ஸ் எடுத்து வச்சுக்கோ, கார் லைசன்ஸ் ஆவாது.

பிப்ரவரி 11

என் கதைய சொல்லிடறேன், எங்க எங்க சறுக்கினேன்னு தெரியட்டும். பள்ளிக்கூடத்துக்கு ஓடின பழைய ட்ராவலர், 3350 மாடல். அந்த 3350ங்கறது வீல்பேஸ், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள மில்லிமீட்டர். 4020னு நீளமானது ஒண்ணு இருக்கு, எங்க தெரு 11 அடி, முனையில ஈபி கம்பம், 4020 திரும்பாது. சரி, சின்னது வாங்கியாச்சு. காலியா இருந்தப்ப உள்ள நின்னு பாத்தேன், தலை இடிக்கல, நைனாவும் நின்னு பாத்தாரு, அவரு என்ன விட ஒசரம், அவருக்கும் இடிக்கல. அப்பறம் பட்டறைக்காரர் தரைக்கு பிளைவுட், அதுமேல வினைல், மேல சீலிங்குக்கு இன்சுலேஷன், அதுக்கு மேல ஷீட்டுன்னு போட்டு முடிச்சப்ப மூணே முக்கால் அங்குலம் போயிருச்சு. இப்ப நைனா உள்ள நடந்தா கோயில் கருவறைக்குள்ள குனிஞ்சு போற மாதிரி போறாரு. காலி வண்டில அளக்காத, அளந்தாலும் 4 அங்குலம் கழிச்சுட்டு நின்னு பாரு.

உள்வேலை பண்ணது எங்க தெரு கார்பென்டர். நல்ல கை, ஒயுங்கா வேலை செய்யறவரு, ஆனா வீட்டுக்கு கட்டில் செய்யற மாதிரியே செஞ்சாரு. 19 எம்எம் பிளைவுட், 8க்கு 4 ஷீட்டு, மொத்தம் 7 போச்சு. ஒரு ஷீட்டே 35 கிலோவுக்கு மேல. தேக்குல பீடிங் வேற. அப்ப எனக்கு பெருமையா இருந்துச்சு, தட்டி தட்டி காட்டினேன் எல்லாருக்கும்.

பிப்ரவரி 12

லைசன்ஸ் பத்தி நான் சொன்னது தப்பு. வாலாஜா அண்ணன் தனியா கூப்ட்டு திட்டினாரு. மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் எல்எம்வி, அதாவது கார் மாதிரி இலகு ரக வண்டி கணக்குதான். மத்திய அரசு 2004ல போட்ட பட்டியல்ல சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து வண்டியே இல்ல, கார் மாதிரி வெள்ளை போர்டுதான். இன்னும் சந்தேகம்னா, 7,500 கிலோவுக்குள்ள இருந்தா போக்குவரத்து வண்டியையும் எல்எம்வி லைசன்ஸ்ல ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 5 நீதிபதி பெஞ்சு 2024 நவம்பர்ல சொல்லிடுச்சு. ஆனா வாடகைக்கு விடலாம்னு ஆசை வந்தா மஞ்சள் போர்டு, பர்மிட்டு, எஃப்சின்னு வேற கதை. தம்பி, அந்த ஆசை எனக்கும் வந்துச்சு, அம்மா "கண்டவன் படுத்த மெத்தைல நான் படுக்க மாட்டேன்"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க.

பிப்ரவரி 16

எடைமேடை கதை. இத படிக்காம யாரும் கேரவன் வாங்காதீங்க.

வண்டி ரெடியாகி 2 மாசத்துல பின் டயர் ரெண்டும் ஓரமா தேஞ்சுது. அலைன்மென்ட் பாத்தவன் "அண்ணே லோடு அடிக்கறீங்களா"ன்னான். லோடா, குடும்பம்பா அதுன்னேன். சந்தேகம் வந்து ரைஸ் மில் பக்கத்துல எடைமேடைக்கு குடும்பத்தோட போனேன், ஊருக்கு போறப்ப எப்படி போவமோ அப்படியே, டேங்க் நிறைய தண்ணி, சிலிண்டர், மெத்தை, துணி, அம்மாவோட ஊறுகா ஜாடி உட்பட. மொதல்ல முழு வண்டி. அப்பறம் முன் சக்கரம் மட்டும் மேடைல ஏத்தி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு சீட்டு. நெல்லு மூட்ட ஏத்திக்கினு பின்னால நின்ன ட்ராக்டர்காரன் எட்டி எட்டி பாக்கறான், அம்மா ஜன்னல் வழியா "இன்னாடா எங்கள எடைக்கு போட வந்தியா"ன்னு கத்தறாங்க.

சீட்டு வந்துச்சு. ஆர்சில எழுதியிருக்கற மொத்த எடைய விட 210 கிலோ கூட. அதுலயும் முன்னாடி சரியா இருக்கு, கூடுதல் மொத்தமும் பின் ஆக்ஸில் மேல. தண்ணி டேங்க் 150 லிட்டர், அதாவது 150 கிலோ, பின் சக்கரத்துக்கும் பின்னால தொங்குது. ட்யூபுலர் பேட்டரி 2, ஒண்ணு ஒண்ணும் 50 கிலோவுக்கு மேல, அதுவும் அங்கயே. டாய்லெட்டு, பிளைவுட் அலமாரி எல்லாம் பின்னாலதான். கூரைல கேரியர் வேற.

அன்னிக்கு ராத்திரி அலமாரிய பிச்சோம். கார்பென்டர் வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல, டீ குடிச்சுட்டு போயிட்டாரு. இப்ப கதவெல்லாம் 6 எம்எம், சட்டம் அலுமினியம் செக்‌ஷன், சில எடத்துல கதவே இல்ல, வலை. அதுக்கப்பறம் 165 கிலோ குறைஞ்சுது.

அதனால வண்டி பாக்கப் போறப்ப ஆர்சில ரெண்டு எண்ண பாரு: காலி எடை, மொத்த எடை. வித்தியாசம்தான் உன் சொத்து. அதுல உங்க 6 பேர் எடைய கழி, தண்ணிய கழி, மிச்சத்துலதான் வீடு கட்டணும்.

பிப்ரவரி 16, சாயங்காலம்

ஆம்பூர்காரர் ஒருத்தர் அமெரிக்கா வண்டி வீடியோ அனுப்பி இந்த மாதிரி கட்ட முடியாதான்னு கேக்கறாரு. அவரு காட்டினது ஏ க்ளாஸ், பஸ் சேசிஸ் மேல கட்டறது. சி க்ளாஸ்னா டிரைவர் தலைக்கு மேல படுக்கை வச்சது, பி க்ளாஸ்னா நம்ம மாதிரி வேனுக்குள்ளயே அடக்கறது. அங்க கேம்ப் போற எடத்துல 30 ஆம்பியர், 50 ஆம்பியர்னு கரென்ட் பாயிண்ட் இருக்கும், கழிவ கொட்ட தனி எடம் இருக்கும், அத நம்பித்தான் அந்த வண்டிய டிசைன் பண்றான். நமக்கு பள்ளிகொண்டா டோல் தாண்டினா பெட்ரோல் பங்க் கக்கூஸ்தான். கேரளாக்காரன் 2021ல கேரவன் டூரிசம்னு கொள்கை போட்டு வாகமன்ல பார்க் தொறந்தான், அங்க போனா வசதி உண்டு, ஆனா நீ சொன்ன 4 ஊர்ல வாகமன் இல்லயே.

ஐரோப்பாவுல வேற மாதிரி. சாதா கார் லைசன்ஸ்ல 3,500 கிலோதான் ஓட்டலாம்ங்கறதால அவன் ஸ்பூன் எடை கூட பாக்கறான். நமக்கு 7,500 வரைக்கும் விட்டுட்டாங்க, அதான் நாம தேக்கு அடிக்கறோம்.

பிப்ரவரி 23

தம்பி கேட்டது: "எப்படி அண்ணா கண்டுபுடிக்கறது எது தேவைன்னு?"

கோலமாவு எடுத்துக்கினு மொட்டை மாடிக்கு போ. நெசமாத்தான். டிரைவர் சீட்டுக்கு பின்னால வண்டியோட உள்பக்கம் எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்னு டேப்புல அளந்து வந்து மாடில அதே அளவுல கட்டம் போடு. எனக்கு சுமாரா 10 அடி நீளம், 5 அடி 10 அங்குலம் அகலம். அதுக்குள்ள டாய்லெட்டுக்கு இரண்டரைக்கு மூணு அடி. கிச்சன் மேடை ஒண்ணரை அடி. படுக்கை. நடக்கற வழி. வாசப்படி எங்கன்னு ஒரு கோடு. அப்பறம் குடும்பத்த எல்லாம் அதுக்குள்ள கூப்ட்டு ராத்திரி சோறு அங்கயே சாப்ட்டு அங்கயே படுங்க. கோட்ட மிதிச்சா சுவர்ல மோதின கணக்கு.

நாங்க இத வண்டி கட்டினதுக்கு அப்பறம்தான் செஞ்சோம், அலமாரிய பிச்ச வாரம், புத்தி வந்து. மொத ராத்திரி அம்மா 3 தடவ எழுந்தாங்க, நைனா 1 தடவ, சின்னவன் தண்ணி கேட்டு 1 தடவ. அம்மா படுத்திருந்தது உள் மூலை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பசங்களையும் தாண்டித்தான் வரணும். மூணாவது தடவ பொண்ணு கைய மிதிச்சுட்டாங்க, அழுகை, பக்கத்து மாடி லைட்டு எரியுது. மறுநாள் காலைல பேப்பர்ல போட்டிருந்த ப்ளான் எல்லாம் மாறிடுச்சு, டாய்லெட் கதவுக்கு எதுக்கவே அம்மா படுக்கை, தரைலேந்து 18 அங்குல ஒசரம், நடுவுல ஒண்ணும் கிடையாது. உங்க அப்பா முட்டிக்கும் இதே அளவு சரிப்படும்னு நினைக்கறேன், ஆனா அவர உக்கார வச்சு எழுப்பி பாத்துட்டு முடிவு பண்ணு.

6 படுக்கைன்னு விக்கறவன் சொன்னா ஒரு கேள்வி கேளு: 6 பேரும் படுத்ததுக்கு அப்பறம் நடுராத்திரி ஒருத்தர் எழுந்து போக வழி இருக்கா? எங்க வண்டில 6 பேர் படுக்கலாம், ஆனா 4 பேர்தான் படுக்கறோம். நானும் பையனும் வெளிய டென்ட்டு.

மார்ச் 2

டாய்லெட். நெறைய பேர் கேட்டதால நீளமா.

கேசட் டாய்லெட்னு சொல்றது, கீழ ஒரு டப்பா, 18, 20 லிட்டர் புடிக்கும், வெளிப்பக்கம் சின்ன கதவு வழியா உருவி எடுத்து கொட்டலாம். இன்னொரு வகை அடில பெரிய டேங்க் மாட்டறது. எடம், எடை ரெண்டுக்கும் கேசட்தான் நமக்கு. ஆனா நாம தண்ணி ஊத்தி கழுவற ஜாதி, வெள்ளக்காரன் கணக்குல 3 நாள் வர்ற டப்பா நமக்கு ஒண்ணரை நாள்ல ரொம்பிடும். எங்க சட்டம்: பகல்ல யாரும் போகக்கூடாது, பங்க்கோ ஓட்டலோ நிறுத்துவேன். ராத்திரி மட்டும். அதுலயும் ஒண்ணுக்கு மட்டும்னு சொல்லி வச்சிருக்கேன், சட்டம்னு இருந்தா மீறத்தான செய்வாங்க.

கொட்டறது யாருன்னு மொதல்லயே பேசிடுங்க. எங்க வீட்டுல யாரும் பேசல, அதனால நான்தான். பங்க்ல கக்கூஸ் கழுவற அம்மாகிட்ட கேட்டு, பணம் குடுத்து, அங்கயே கொட்டி, நானே நல்லா தண்ணி அடிச்சு கழுவி விட்டுட்டு வரேன். ஒரு தடவ கூட இல்லன்னு சொன்னதில்ல. ரோட்டோரமா, ஏரிக்கரைல கொட்டிட்டு போற ஆளுங்கள பாத்திருக்கேன், அவனுங்க வண்டி நம்பர எழுதி வச்சிருக்கேன்.

கைப்புடி. சுவத்துல ஸ்டீல் கைப்புடி, மெல்லிசு ஷீட்டுல ஸ்க்ரூ அடிச்சா புடுங்கிக்கினு வந்துடும், பின்னால பாடி சட்டத்தோட போல்ட்டு போடணும். என் வண்டில நைனா புடிச்சப்ப அது அவரு கையோட வந்துச்சு. நல்லவேள கட்டில் மேல விழுந்தாரு.

மார்ச் 3

ஒருத்தர் கேட்டிருக்காரு டப்பா ரொம்பினா எப்படி தெரியும்னு. தெரியும் சார்.

மார்ச் 15

கிச்சன். அம்மா மாவு எடுத்துக்கினு வந்தாங்க, கல்லு எடுத்துக்கினு வந்தாங்க, ஜவ்வாது மலைல ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு எடத்துல நிறுத்தி தோசை ஊத்தினாங்க. வண்டி லேசா சரிவுல நிக்குது. ஊத்தின மாவு எல்லாம் ஒரே பக்கம் ஓடி, ஒரு ஓரம் அப்பளம் மாதிரி, இன்னொரு ஓரம் ஊத்தப்பம். பசங்க அதுக்கு மலை தோசைன்னு பேர் வச்சுட்டாங்க, இப்ப வீட்டுலயும் கேக்கறாங்க.

சிரிப்பு போதும், கேஸ் விஷயம் கவனமா கேளு. எல்பிஜி காத்த விட கனம். கசிஞ்சா மேல போகாது, தரையோட தரையா தண்ணி மாதிரி தேங்கும். அதனால சிலிண்டர் வைக்கற பெட்டி படுக்கற எடத்துலேந்து முழுசா பிரிஞ்சிருக்கணும், அந்த பெட்டி அடில வெளிய போற ஓட்டை இருக்கணும். ஜன்னல தொறந்து வச்சேன்னு நிம்மதியா இருக்காத, ஜன்னல் மேல இருக்கு, கேஸ் கீழ இருக்கு. நான் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர தூக்கிக்கினு போனவன், காலி சிலிண்டரே கிட்டத்தட்ட அதே எடை. இப்ப 5 கிலோ சின்ன சிலிண்டர்தான், பால், டீ, சாதம் வைக்க போதும்.

பாத்திரம் கழுவின தண்ணிக்கும் ஒரு டேங்க் வேணும், அத யாரும் சொல்றதில்ல. சாம்பார் கழுவின தண்ணிய மே மாசம் 2 நாள் டேங்க்ல வச்சா வர்ற நாத்தம் இருக்கே, டாய்லெட்டே தேவலாம்.

மார்ச் 22

தம்பி மறுபடி பட்டறை விஷயம் கேட்டிருக்கான், இத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்தி சொல்லிச்சு. கேரவனுக்குன்னே ஏஐஎஸ் 124னு ஒரு தரம் இருக்கு, உக்கார சீட்டு, மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க எடம் இதெல்லாம் வண்டியோட பொருந்தியிருக்கணும்ங்கறது அதுல வருது. அந்த அனுமதி வாங்கின கட்டுமானக்காரங்க கிட்ட போனா காசு கூட, ஆனா ஆர்சில கேரவன்னே ஏறும்.

நான் போன பட்டறைல "பேப்பர் வேலை எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னாங்க. 4 மாசம் பாத்துக்கினே இருந்தாங்க. கடைசில நானே அலைஞ்சு, சிலத பிச்சு, சிலத மாத்தி, அப்பறம்தான் ஆர்சில ஏறிச்சு. அந்த 4 மாசமும் வண்டி ஓடிக்கினுதான் இருந்துச்சு, ஏதாவது ஆயிருந்தா இன்சூரன்ஸ்காரன் போட்டோ எடுத்து காட்டி கைய விரிச்சிருப்பான், நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது. எழுத்துல என்ன குடுப்பேன்னு வாங்காம அட்வான்ஸ் குடுக்காத.

இன்னொண்ணு, சீட்டு பெல்ட்டு. படுக்கை 6 இருக்கா பாக்கறதுக்கு முன்னாடி, ஓடறப்ப 6 பேருக்கும் பெல்ட்டோட சீட்டு இருக்கான்னு பாரு. பசங்க படுத்துக்கினு வரட்டும்னு விட்டுடாத, ப்ரேக் அடிச்சா படுக்கை சறுக்குமரம்தான்.

ஏப்ரல் 6

ஏசி இல்லாம வேலூர்ல எப்படின்னு ஆற்காடு அக்கா கேக்கறாங்க. நியாயம். கணக்கு போட்டு காட்டறேன்.

ஒரு டன் ஏசி ஓடினா சுமாரா 1,000 வாட்டு இழுக்கும். ராத்திரி 8 மணி நேரம், கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடினாலும் 5,000, 6,000 வாட் அவர் ஆவும், கத்திரில அதுக்கு மேல. என்கிட்ட இருந்தது 12 வோல்ட்டு 150 ஆம்பியர் அவர் பேட்டரி, பெருக்கினா 1,800 வாட் அவர். அதுலயும் பாதிக்கு கீழ எறக்கினா பேட்டரி சீக்கிரம் போயிரும், அப்ப 900. ரெண்டு பேட்டரி சேத்தாலும் 2 மணி நேரம் தாண்டாது. லித்தியம் போட்டா எடை பாதிக்கு கீழ வரும், கிட்டத்தட்ட முழுசா எறக்கலாம், ஆனா 5,000 வாட் அவர் வேணும்னா எனக்கு சொன்ன விலை உன் பட்ஜெட்ல ஒரு பெரிய துண்டு. கூரைல 400 வாட்டு சோலார் வச்சா நல்ல வெயில் நாள்ல 1,600லேந்து 2,000 வாட் அவர் வரும். ஃபேன், லைட்டு, போன், சின்ன ஃப்ரிட்ஜுக்கு தாராளம். ஏசிக்கு ஆவாது.

இன்ஜின ஓட விட்டு ஏசி போட்டு தூங்கலாமான்னு கேட்டவருக்கு: கூடாது. புகை உள்ள வந்தா தூங்கறவனுக்கு தெரியாது.

நான் பண்றது, மே மாசம் கீழ படுக்கறதில்ல. ஏலகிரி, ஜவ்வாது மலைனு மேல ஏறிடு, ஃபேன் போதும். கீழ படுக்கணும்னா கரென்ட் குடுக்கற லாட்ஜ் பார்க்கிங், ஒயர இழுத்து போட்டா ஏசி ஓடும், பணம் பேசிக்கலாம். கூரைக்கு வெள்ளை பெயின்ட்டு அடி, சீலிங்ல க்ளாஸ் வூல் வை, மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். நல்ல வித்தியாசம் தெரியும்.

ஏப்ரல் 7

க்ளாஸ் வூல்னு நேத்து எழுதினத அழிச்சுக்குங்க. வாலாஜா அண்ணன் மறுபடி கூப்ட்டாரு, போன்ல எடுத்ததும் "இன்னாபா திரும்பவும்"னாரு. பஸ் பாடி கட்டறவங்க கூட வளந்தவரு. க்ளாஸ் வூல் ஓடற வண்டில ஆடி ஆடி கீழ எறங்கிடும், மழைல ஈரம் புடிச்சா தகரம் துருப்புடிக்கும். எக்ஸ்எல்பிஇ ஃபோம் ஷீட்டு, இல்ல நைட்ரைல் ரப்பர் ஷீட்டு, தகரத்தோட ஒட்டி. போன் வச்சதும் என் சீலிங்ல ஒரு பலகைய கழட்டி பாத்தேன். க்ளாஸ் வூல் பாதி எடத்துல இல்ல, எல்லாம் ஒரு ஓரமா சுருண்டு எலிக்கூடு மாதிரி கெடக்கு. அதான் நைனா படுக்கை மேல மட்டும் அவ்ளோ சூடு, 3 வருஷமா அவரு சொல்லிக்கினுதான் இருந்தாரு, நான்தான் வயசாச்சுன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்.

ஏப்ரல் 20

நேத்து ஏலகிரி போய்ட்டு வந்தோம். பொன்னேரிலேந்து ஏறினா 14 கொண்டை ஊசி, ஒண்ணு ஒண்ணுக்கும் கவிஞர் பேரு, வள்ளல் பேரு. பிப்ரவரி 16 எழுதினதுல டேங்க் பின்னால தொங்குதுன்னு சொன்னேன்ல, அது மலைல என்ன பண்ணும்னு அப்ப எழுதல. பின்னால கனம் தொங்கினா முன்பக்கம் தூக்கும், வளைவுல ஸ்டியரிங் லேசாயிடும், திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டு திரும்பற மாதிரி இருக்கும். போன வருஷம் அப்படி ஒரு வளைவுல எதுக்க பஸ் வந்து எனக்கு வேர்த்துடுச்சு. இப்ப டேங்க 80 லிட்டராக்கி ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல, தரைக்கு அடில மாட்டியாச்சு, உள்ள தடுப்பு வச்சது, தண்ணி அலை அடிக்காது. வண்டி அமைதியா ஏறிச்சு.

வேலூரப் பத்தி பழைய கிண்டல் ஒண்ணு உண்டுல்ல, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலைன்னு. அதுல சாமியில்லாத கோயிலும் வரும், அது 1981லயே பொய்யாயிடுச்சு, ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துட்டாரு. என் வண்டிய பாத்து மச்சான் சேத்துக்கினான்: தண்ணியில்லாத டேங்க். மலை ஏறறப்ப கால் டேங்க்தான் வச்சிருப்பேன், மேல போய் ரொப்பிக்கலாம்.

ஊட்டி போறதா இருந்தா இ-பாஸ் எடு தம்பி. 2025 ஏப்ரல்லேந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டிதான்னு கணக்கு வச்சாங்க.

மே 6

வண்டி எங்க நிக்கும்? 4 ட்ரிப்புனா 20 நாள். மிச்சம் 345 நாள் கேள்விக்கு யாரும் பதில் வச்சிருக்கறதில்ல. எங்க தெருவுல நிறுத்தினா பால்காரன் சைக்கிள் கூட போவாது. மாமனாருக்கு பள்ளிகொண்டா பக்கம் நிலம், அங்க ஷெட்டுல விட்டேன். அதே ஷெட்டுல மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை அடுக்கியிருந்தாங்க. மல்லாட்டைக்கு எலி வரும், எலிக்கு என் ஒயர் இனிச்சிருக்கு. இன்வெர்ட்டர் ஒயர், பின் லைட் ஒயர், மெத்தைல ஒரு பொத்தல், உள்ள 5 குட்டி. இந்த வாரம் முழுக்க எலக்ட்ரீஷியன் உள்ள படுத்துக்கினுதான் வேலை செய்யறான், மெத்தை நல்லா இருக்குன்றான்.

மே 16

நேத்து குடியாத்தம் சிரசு திருவிழா, கெங்கையம்மன பாத்துட்டு கூட்டம் கலைஞ்சதும் தம்பி வீட்டுக்கு போனேன். இவ்ளோ நாள் எழுத்துலயே பேசினவன், நேர்ல பாத்தா என்ன விட ஒசரம், ட்ராவலர் எடுத்தா இவனே குனியணும்.

மாடில கோலமாவு கட்டம் இருந்துச்சு. மழைல பாதி போயி மறுபடி போட்டிருக்காங்க, அந்த பாப்பா கலர் பொடி வச்சு டாய்லெட்டுக்கு ரோஸ் கலர் அடிச்சிருக்கு. 2 ராத்திரி படுத்து பாத்தாங்களாம். தம்பியோட லிஸ்ட்ல கிச்சன் இருந்துச்சுல்ல, அத பத்தி நான் கேட்டப்ப அவன் வாய தொறக்கறதுக்குள்ள அவன் வீட்டம்மா சொன்னாங்க: "இங்கயும் நான்தான் சமைக்கறேன்ணா, டூர் போயும் நானே சமைக்கணுமா? ஓட்டல்ல சாப்பிடத்தான நான் கெளம்பறதே." தம்பி தரைய பாக்கறான். 3 மாசமா இங்க கிச்சன் பத்தி பேசினோம், அவங்கள ஒருத்தரும் கேக்கல. நானும்தான் கேக்கல.

அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, படி. வண்டி படி மொத அடி தரைலேந்து எவ்ளோ ஒசரம்னு. என் வண்டில அளந்தோம், 15 அங்குலம். அவரால 8 தான் முடியும். கீழ மடக்கி இழுக்கற படி ஒண்ணு போடணும், ரெண்டு பக்கமும் கைப்புடியோட. இத்தன நாள் நான் எழுதினதுல படி ஒசரம் பத்தி ஒரு வரி இல்ல.

அவங்க முடிவு: அனுமதி வாங்கின எடத்துல 4 படுக்கை, 6 பெல்ட்டு சீட்டு, டாய்லெட்டு, சட்டத்துக்குன்னு ஒரு அடுப்பு மேடை, அதுல கெட்டில் வைப்பாங்களாம். ஏசி, வண்டி ஓடறப்ப மட்டும். தம்பியும் பையனும் டென்ட்டு. தெரு 13 அடி, திரும்பும்னு கயிறு புடிச்சு பாத்தோம். அதுக்கு முன்னாடி அதே மாதிரி வண்டிய 3 நாள் வாடகைக்கு எடுத்து ராமேஸ்வரம் போய்ட்டு வான்னு சொல்லியிருக்கேன், அதுக்கு ஆவற செலவு ஒரு அலமாரிய பிக்கற செலவ விட கம்மி.

ஜூன் 8

தம்பி ராமேஸ்வரம் போய்ட்டு வந்துட்டான். அப்பாவுக்கு படி ஓகே, டாய்லெட் கதவு உள்பக்கம் தொறக்குது, அது ஆவாது, சறுக்குக் கதவு வேணுமாம். நல்ல பாயிண்ட்டு, எனக்கும் தோணல. டென்ட்டுல கொசு. டப்பா கொட்டினது யாருன்னு கேட்டேன், பதில் வரல.

என் ஒயர் வேலை முடிஞ்சுது. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு எடைமேடைக்கு போறேன், புது டேங்க்கும் லித்தியம் பேட்டரியும் போட்டதுக்கு அப்பறம் இன்னும் எடை போடல. வர்றவங்க குடும்பத்தோட வாங்க, எல்லாரும் உள்ள ஏறி உக்காரணும். அம்மா ஊறுகா ஜாடிய மட்டும் கீழ எறக்க சொன்னாங்க, எடைல சேக்கக்கூடாதாம்.